‘கண்ணாடியை மறந்துவிட்டேன்’: கற்றல் குறைபாட்டோடு வளர்ந்தவர்கள்

கேட்கப்பட்ட கேள்வியைச் சுருக்கித் தருகிறேன். “எனக்கு வயது 36. இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் வேலையில் 14 ஆண்டு அனுபவம். இரண்டாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்கு டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்புக் குறைபாடு, என்று சோதித்துச் சொன்னார்கள். சோதித்தவர் அறிகுறிகளை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல எனக்கு வியர்த்துவிட்டது. அத்தனையும் என் கதை. சென்ற ஆண்டு மேற்பார்வையாளர் பதவி தேடி வந்தது. மாதாமாதம் அறிக்கை எழுத வேண்டும் என்பதற்காகவே, குடும்பச் சூழ்நிலை சரியில்லை என்று பொய் சொல்லி மறுத்தேன். இந்த வயதில் இது இருக்க முடியுமா? நானும் சோதித்துக்கொள்ள வேண்டுமா? குணமாகுமா? வேலையிடத்தில் சொல்லலாமா?”

இருக்க முடியும். இருந்திருந்தால் இரண்டாம் வகுப்பிலும் இருந்தது, இன்றும் இருக்கிறது. நடுவில் எங்கும் போய்விட்டு வரவில்லை. எழுத்தையும் எண்ணையும் மூளை கையாளும் விதத்தில் சிறு வயதிலிருந்தே உள்ள வேறுபாட்டைத்தான் கற்றல் குறைபாடு என்கிறோம். டிஸ்லெக்சியா அதில் ஒரு வகை. பள்ளியை விட்டதும் மதிப்பெண் பட்டியல் நின்றுபோகிறது, அதனால் குறைபாட்டைப் பெயர் சொல்லி அடையாளம் காட்ட ஆள் இல்லாமல் போகிறது. மனநல மருத்துவர்கள் கையாளும் டிஎஸ்எம்-5 கையேடு (2013) பள்ளி வயதுக் குழந்தைகளில் 5 முதல் 15 விழுக்காட்டினருக்குக் கற்றல் குறைபாடு உண்டு என்கிறது; பெரியவர்களில் ஏறத்தாழ 4 விழுக்காடு என்கிறது. இந்தச் சரிவைப் பார்த்து, வளர வளரக் குணமாகிவிடுகிறது என்று மகிழ்பவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பெரியவர்களை யாரும் உட்கார வைத்து உரக்கப் படிக்கச் சொல்வதில்லை. படிக்கத் தேவையில்லாத வேலையைத் தேடிக்கொண்டவர்கள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

நீங்கள் கண்டுகொண்ட வழிதான் பெரியவர்கள் பலரும் கண்டுகொள்கிற வழி. பிள்ளையைச் சோதிக்கும் அறையில் பெற்றோர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் திடீரென்று பேச்சை நிறுத்துவார். அதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். இதில் வியப்பு ஒன்றுமில்லை. இது குடும்பவழி வருவது. பெற்றோர் அல்லது உடன்பிறந்தவருக்கு வாசிப்புக் குறைபாடு இருந்தால், ஒருவருக்கு அது வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 4 முதல் 8 மடங்கு என்று அதே கையேடு சொல்கிறது. ஒற்றை மரபணுவின் வேலை அல்ல இது. பல மரபணுக்கள் ஒவ்வொன்றும் சிறிது சிறிதாகச் செய்யும் வேலை. ஆகவே, உங்களிடமிருந்து மகளுக்கு வந்தது என்று குற்ற உணர்ச்சி கொள்வதானால், உங்கள் உயரத்துக்கும் மூக்கின் வடிவத்துக்கும் சேர்த்தே கொள்ள வேண்டியிருக்கும்.

முதலில் ஒரு பழைய கதை. 1896இல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர், பெர்சி என்ற 14 வயதுச் சிறுவனைப் பற்றி பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு குறிப்பு எழுதினார். பையன் கெட்டிக்காரன். விளையாட்டில் சுறுசுறுப்பு. கண்பார்வை நன்றாக இருந்தது. ஏழு வயதிலிருந்து பாடம் சொல்லிக் கொடுத்தும் படிப்பு மட்டும் ஏறவில்லை. தன் பெயரையே எழுத்து மாற்றி எழுதிவிட்டு, பலமுறை சுட்டிக்காட்டும்வரை தவறு கண்ணில் படாமல் இருந்தான். பாடம் முழுவதும் வாய்மொழியாக இருந்தால் பள்ளியிலேயே முதல் மாணவன் இவன்தான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதையும் மார்கன் பதிவு செய்திருக்கிறார். ‘டிஸ்லெக்சியா’ என்ற சொல்லை ருடால்ஃப் பெர்லின் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர் 1887இலேயே உண்டாக்கிவிட்டார். ‘கற்றல் குறைபாடு’ என்ற பொதுப்பெயர் 1963இல் அமெரிக்கர் சாமுவேல் கிர்க் வழியாகப் பரவியது. பெயர்கள் மாறினாலும் அந்த ஆசிரியர் சொன்ன வாக்கியத்தைவிடத் தெளிவான விளக்கம் இன்றுவரை எனக்குக் கிடைக்கவில்லை. அறிவு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். இரண்டுக்கும் நடுவே உள்ள பாதைதான் கரடுமுரடு.

அந்தப் பாதையில் என்ன நடக்கிறது? பேச்சு மனிதனுக்கு இயல்பாக வருவது. வாசிப்பு அப்படி அல்ல. மூளை தன்னிடம் உள்ள பார்வைப் பகுதியையும் பேச்சுப் பகுதியையும் இணைத்துப் புதிதாகக் கட்டிக்கொள்ள வேண்டிய திறன் அது. அதற்கு, சொல்லைத் துண்டு துண்டான ஒலிகளாகக் காதுக்குள் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். ஒவ்வொரு ஒலிக்கும் உரிய எழுத்தை நொடியில் எடுக்கத் தெரிய வேண்டும். டிஸ்லெக்சியா உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு இந்த ஒலிப் பிரிப்பில் சிக்கல். எழுத்துகள் தலைகீழாகத் தெரிகின்றன, தாளில் நடனமாடுகின்றன என்பதெல்லாம் திரைக்கதைக்கு உதவும். கண்ணில் கோளாறு இல்லை.

தமிழில் படித்தவர்களுக்கு இங்கே ஒரு குழப்பம் உண்டு. “நான் தப்பில்லாமல் படிக்கிறேனே, மெதுவாகத்தானே படிக்கிறேன், அது எப்படி டிஸ்லெக்சியா?” என்று கேட்பார்கள். ஆங்கிலத்தைப் போல எழுத்து ஒன்று, ஒலி வேறு என்று தடுமாற வைக்கும் மொழிகளில் இந்தக் குறைபாடு பிழையாக வெளிப்படும். எழுத்தும் ஒலியும் ஓரளவு ஒழுங்காகப் பொருந்தும் மொழிகளில் அது வேகக் குறைவாகவே தெரியும். 2001இல் சயன்ஸ் இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு இதை அழகாகக் காட்டியது. இத்தாலிய, பிரெஞ்சு, ஆங்கில மொழிகளைப் பேசும் டிஸ்லெக்சியா உள்ள பெரியவர்களை ஒப்பிட்டார்கள். எழுத்து ஒழுங்கான மொழியைக் கொண்ட இத்தாலியர்கள் மற்றவர்களைவிடச் சரியாகவே படித்தார்கள். ஆனால் படிக்கும்போது மூளையின் இடப்பக்கத்தில் ஒரே பகுதியில், மூன்று மொழியினரிடமும் செயல்பாடு ஒரேபோலக் குறைந்திருந்தது. குறைபாடு ஒன்றுதான், மொழி அதற்கு வேறு வேறு சட்டை மாட்டுகிறது.

தமிழின் சட்டை எப்படிப்பட்டது? எழுத்துகள் 247. ஓசைக்கு முன்னால் நிற்கும் கொம்பு, எழுத்தின் இருபுறமும் பிரிந்து நிற்கும் ஒகரம், ஒரே ‘க’ இடத்துக்கு ஏற்பக் கனத்தும் மெலிந்தும் ஒலிப்பது. இவற்றோடு ‘அனுப்பிவைக்கப்படவேண்டியிருந்ததால்’ என்பது போல ஒரே மூச்சில் நீளும் சொற்கள். சரளமாகப் படிப்பவர் அந்தச் சொல்லின் தலையைப் பார்த்தே வாலை ஊகித்துவிடுவார். நீங்கள் எழுத்தெழுத்தாக நடந்து வால்வரை போய்ச் சேரும்போது தலை மறந்துபோயிருக்கும். பேசும் தமிழும் எழுதும் தமிழும் வேறு வேறாக இருப்பதால், காதில் பழகிய சொல் தாளில் வேறு முகத்தோடு நிற்பது இன்னொரு சுமை. ஒரு சிறு எச்சரிக்கை: ண, ன, ந மாறுவதும் ர, ற மாறுவதும் ஒற்று விட்டுப்போவதும் மட்டும் அறிகுறி ஆகாது. அப்படிப் பார்த்தால் பத்திரிகை அலுவலகங்களில் பாதிப் பேரைச் சோதிக்க வேண்டியிருக்கும்.

பெரியவர்களிடம் நான் கேட்டுப் பார்ப்பது வேறு விஷயங்கள். ஒரு பக்கக் கடிதத்தை எத்தனை முறை படித்தால் பொருள் நிற்கிறது? படித்து முடித்ததும் தலை வலிக்கிறதா? தொலைபேசி எண்ணைக் கேட்டுக்கொண்டே எழுத முடிகிறதா? தெரிந்த ஒருவரின் பெயர் நாக்கு நுனியில் நின்று வராமல் போவது எவ்வளவு அடிக்கடி? இரண்டு பேர் பேசும்போது குறிப்பெடுக்கச் சொன்னால் என்ன ஆகிறது? கணக்குக் குறைபாடான டிஸ்கால்குலியா உள்ளவர்களிடம் கேள்வி மாறும். மீதிச் சில்லறை சரியா என்று பார்க்கிறார்களா, அல்லது எண்ணிப் பார்ப்பதாக நடித்துவிட்டுப் பைக்குள் போடுகிறார்களா? புறப்படும் நேரத்தைப் பின்னோக்கிக் கணக்கிட முடியாததால் எங்கும் ஒரு மணி நேரம் முன்பே போய் நிற்கிறார்களா? கையெழுத்துக் குறைபாடான டிஸ்கிராபியா உள்ளவரின் நிலை வேறு. மனத்தில் முழு வாக்கியமாக இருப்பது கையில் இறங்கும்போது பாதியாகிவிடும். எழுத்தை உருவாக்குவதிலேயே கவனம் எல்லாம் தீர்ந்துபோகும். மூன்றும் தனித்தனியாக வரலாம், சேர்ந்தும் வரலாம். கவனக்குறைவோடு கூடிய ஏடிஎச்டி பலருக்குக் கூடவே வந்து ஒட்டிக்கொள்ளும்.

இணையத்தில் தேடுபவர்களுக்கு ஒரு குறிப்பு. பிரிட்டனில் ‘கற்றல் குறைபாடு’ என்பதற்கான ஆங்கிலச் சொல் பொதுவான அறிவுத்திறன் குறைபாட்டைக் குறிக்கிறது. அங்கிருந்து வரும் கட்டுரையைப் படித்துவிட்டு அஞ்ச வேண்டாம். அது வேறு.

இனி, உங்கள் கேள்வியில் என் மனத்தைத் தைத்த இடத்துக்கு வருகிறேன். அறிக்கை எழுத முடியாது என்பதல்ல அது. குடும்பச் சூழ்நிலை என்று சொன்ன பொய். வளர்ந்தவர்களின் கற்றல் குறைபாட்டில் பெரும்பகுதி உழைப்பு படிப்பதில் செலவாவதில்லை, மறைப்பதில் செலவாகிறது. ஒருவர் எந்தப் படிவத்தைக் கொடுத்தாலும் “கண்ணாடியை மறந்துவிட்டேன், வீட்டில் நிரப்பிக் கொண்டுவருகிறேன்” என்பார். அவருக்குக் கண்ணாடியே கிடையாது. இன்னொருவர் கூட்டத்தில் வாசிக்க வேண்டிய நான்கு பக்கத்தை முதல் நாள் இரவு முழுவதும் மனப்பாடம் செய்துவிட்டு, தாளைக் கையில் பிடித்தபடி சரளமாகச் சொல்வார். ஓரிடத்தில் பக்கத்தைத் திருப்ப மறந்தபோதுதான் மாட்டிக்கொண்டார். கையில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்த ஒருவரையும் எனக்குத் தெரியும். அன்று எழுத்துத் தேர்வு. இவர்கள் ஒருவரும் மந்தமானவர்கள் அல்லர். இத்தனை நாடகத்தை ஆண்டுக்கணக்கில் பிசகாமல் நடத்த நினைவாற்றலும் சமயோசிதமும் வேண்டும். அந்த மூலதனம் முழுவதும் ஒரு திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு நிற்பதிலேயே கரைகிறது என்பதுதான் ஆற்றாமை.

மறைத்தலுக்கு இன்னொரு விலையும் உண்டு. உதவி கேட்காதவருக்கு உதவி வராது. வராதபோது வேலை தாமதமாகிறது. தாமதத்துக்குக் காரணம் சொல்ல முடியாததால் சோம்பேறி என்றும் அக்கறை இல்லாதவர் என்றும் பெயர் வருகிறது. சோம்பேறி என்ற பெயரைச் சிலர் வரவேற்கவே செய்கிறார்கள். ‘முட்டாள்’ என்பதைவிட அது கௌரவமானது என்று அவர்கள் சின்ன வயதிலேயே கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். பதற்றமும் மனச்சோர்வும் இவர்களிடம் மற்றவர்களைவிட அதிகம் காணப்படுவதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன். காலையில் அலுவலகத்துக்குப் புறப்படும்போது வயிறு பிசைகிறது, மின்னஞ்சல் வந்த ஓசை கேட்டாலே நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்ற நிலை இருந்தால், வாசிப்புச் சோதனைக்கு முன்பே அதற்கு ஒரு மனநல ஆலோசகரைப் பாருங்கள். வரிசை முக்கியம். பயந்த மூளை எதையும் கற்காது.

சோதித்துக்கொள்ள வேண்டுமா என்பது உங்களுக்கு அந்தத் தாள் எதற்கு என்பதைப் பொறுத்தது. தேர்வில் கூடுதல் நேரம் கேட்கவோ, வேலையிடத்தில் முறைப்படி ஏற்பாடு கேட்கவோ வேண்டுமென்றால் சான்று வேண்டும். இவை எதுவும் இல்லாமல், “நான் யார் என்று எனக்குத் தெரிய வேண்டும்” என்பதற்காக வருபவர்களும் உண்டு. அதுவும் போதுமான காரணமே. 50 வயதைத் தாண்டிய ஒருவர் அறிக்கையை வாங்கிக்கொண்டு, அதில் தன் பொது அறிவுத்திறன் சராசரிக்கு மேல் என்று இருந்த வரியை மட்டும் விரலால் தடவிக்கொண்டிருந்தார். அவர் தேடி வந்தது அந்த ஒரு வரியை.

சோதனை எப்படி இருக்கும் என்று தெரிந்திருந்தால் பாதி அச்சம் போய்விடும். முதலில் நீண்ட பேச்சு: பள்ளி நாட்கள், வீட்டில் வேறு யாருக்கு இப்படி, கண் காது பரிசோதனை, தூக்கம், மனநிலை. பிறகு சொற்களையும் பத்திகளையும் படிக்கச் சொல்லி நேரம் குறிப்பார்கள். ‘தமிருகு’, ‘பொசலன்’ என்று பொருளே இல்லாத சொற்களைக் கொடுத்துப் படிக்கச் சொல்வார்கள். உங்களை முட்டாளாக்க அல்ல. தெரிந்த சொற்களின் உருவத்தை நீங்கள் மனப்பாடம் செய்து வைத்திருக்கலாம், இல்லாத சொல்லை மனப்பாடம் செய்ய முடியாது. வரிசையாக நிறங்களையும் பொருள்களையும் காட்டி வேகமாகப் பெயர் சொல்லச் சொல்வார்கள். எண்களைச் சொல்லிப் பின்னிருந்து முன்னாகத் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். எழுதவும் கணக்குப் போடவும் வைப்பார்கள். சில மணி நேரம் பிடிக்கும், களைத்துப்போவீர்கள். பெரியவர்கள் பயிற்சியால் சோதனையை ஏமாற்றிவிடக்கூடும் என்பதால், 17 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பள்ளிக்கால இடர்ப்பாடுகளின் ஆவணங்களைத் தரப்படுத்திய சோதனைக்குப் பதிலாக ஏற்கலாம் என்று டிஎஸ்எம்-5 இடம் கொடுக்கிறது. ஆகவே பழைய மதிப்பெண் பட்டியல்கள், ‘கவனம் தேவை’ என்று சிவப்பு மையில் எழுதிய நோட்டுகள் எங்காவது பெட்டியில் இருந்தால் தேடி எடுங்கள். அவமானச் சின்னமாக ஒளித்துவைத்தது சான்றாகப் பயன்படும். பத்துக் கேள்விக்கு விடை சொன்னால் முடிவு சொல்லும் இணையச் சோதனைகள், சோதித்துக்கொள்ளலாமா என்ற சந்தேகத்தை எழுப்புவதோடு சரி.

சோதிக்கப் போகுமிடத்தில் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று: பெரியவர்களைச் சோதித்துப் பழக்கம் உண்டா, நீங்கள் படித்த மொழியில் சோதிப்பார்களா? தமிழ்வழியில் படித்தவரை ஆங்கிலத்தில் மட்டும் சோதித்து டிஸ்லெக்சியா என்று எழுதித் தருவது, நீந்தத் தெரியாதவருக்கு மூச்சுக்கோளாறு என்று எழுதித் தருவதற்குச் சமம்.

குணமாகுமா? வேரோடு போகாது. ஆனால் இந்த வயதில் ஒன்றும் செய்ய முடியாது என்பதும் பொய். 2004இல் நியூரான் இதழில் வெளிவந்த ஆய்வில், டிஸ்லெக்சியா உள்ள பெரியவர்களுக்கு எட்டு வாரம் தீவிரமாக ஒலி, எழுத்து இணைப்புப் பயிற்சி கொடுத்தார்கள். ஒலியைப் பிரித்துக் கையாள்வதிலும் வாசிப்பிலும் முன்னேற்றம் தெரிந்தது; மூளைப் படத்திலும் மாற்றம் தெரிந்தது. துல்லியம் கூடும். வேகம் அவ்வளவாகக் கூடாது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு பயிற்சிக்குப் போங்கள், ஏமாற்றம் இருக்காது. 36 வயதில் ‘அ’ முதல் தொடங்குவதற்குக் கூச்சப்படாத ஆசிரியர் கிடைப்பது அரிது. உங்களுக்குக் கூச்சம் போவது அதைவிட அரிது. இரண்டும் வாய்த்தால் வாரத்துக்கு ஒரு நாள் என்று இழுக்காமல் நெருக்கமாகச் செய்வது நல்லது.

பயிற்சியைவிட உடனே பலன் தருவது கருவிகள். இதில் நான் சற்றுப் பிடிவாதக்காரன். கண்ணாடி போட்டுக்கொள்பவரைப் பார்த்துப் பார்வையை ஏமாற்றுகிறார் என்று யாரும் சொல்வதில்லை. கைப்பேசியை எழுத்தைப் படித்துக்காட்டச் சொல்லிக் காதால் கேட்பது ஏமாற்று வேலை என்று, படிக்கச் சிரமப்படுபவர்களே நினைக்கிறார்கள். கைவிடுங்கள் அந்த எண்ணத்தை. இன்று கைப்பேசிகளில் எழுத்தைப் பேச்சாக்கும் வசதியும் பேச்சை எழுத்தாக்கும் வசதியும் தமிழிலேயே உண்டு. உங்கள் அறிக்கைச் சிக்கலுக்கு நான் சொல்லும் வழி இது. இயந்திரத்தின் முன்னால் நின்றுகொண்டே, உடன் வேலை செய்பவருக்குச் சொல்வதைப் போல, என்ன பழுது, எதை மாற்றினேன், எவ்வளவு நேரம் ஆனது என்று கைப்பேசியில் பேசுங்கள். அது எழுத்தாக மாறும். ஐந்து தலைப்புகள் கொண்ட ஒரு மாதிரி அறிக்கையை ஒருமுறை யாரையாவது வைத்துச் செய்துகொண்டு, ஒவ்வொரு மாதமும் அதன் கட்டங்களில் இதை ஒட்டுங்கள். பிறகு முழுவதையும் கைப்பேசியைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். கண் தாண்டிப்போகும் பிழையைக் காது பிடித்துவிடும். பழகிவிட்டால் ஓர் இரவுப் போராட்டம் அரை மணி நேரத்தில் முடியும்.

எழுத்தைப் பெரிதாக்கி, எழுத்துகளுக்கு இடையிலும் வரிகளுக்கு இடையிலும் இடம் விட்டுப் படிப்பது பலருக்கு எளிது. எழுத்துகளுக்கு இடையே இடைவெளியைக் கூட்டினால் டிஸ்லெக்சியா உள்ள இத்தாலிய, பிரெஞ்சுக் குழந்தைகள் தெளிவாகப் படித்தார்கள் என்று 2012இல் ஓர் ஆய்வு காட்டியது. செலவில்லாத வழி, செய்து பாருங்கள். நீண்ட பத்தியில் ஒரு வரியை மட்டும் காட்டும்படி அட்டை வைத்துக்கொள்வதும் அப்படித்தான். எண் சிக்கல் உள்ளவர்கள் மனக்கணக்கு வீரத்தை விட்டுவிட்டுக் கணக்குப் பொறியை மேசைமேல் வெளிப்படையாக வைத்துக்கொள்ளலாம். எந்த எண்ணையும் எழுதியபின் வாய்விட்டு ஒருமுறை படிப்பது இடம் மாறிய இலக்கங்களைக் காட்டிக்கொடுக்கும்.

பணத்தை எதில் போடக்கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வண்ணக் கண்ணாடிகள், கண் தசைப் பயிற்சிகள், டிஸ்லெக்சியாவுக்கென்றே வடிவமைத்ததாகச் சொல்லப்படும் எழுத்துருக்கள், நினைவாற்றலைக் கூட்டும் கணினி விளையாட்டுகள். கண்ணாடிகளுக்கும் கண் பயிற்சிகளுக்கும் போதிய சான்று இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் கழகமும் கண் மருத்துவர்களின் கழகமும் 2009இல் கூட்டாகவே அறிவித்தன. நினைவாற்றல் விளையாட்டு ஆடுபவர்கள் அந்த விளையாட்டில் கெட்டிக்காரர் ஆகிறார்கள். வாசிப்பு அங்கேயே நிற்கிறது.

வேலையிடத்தில் சொல்வது பற்றி. ‘எனக்கு டிஸ்லெக்சியா’ என்ற அறிவிப்போடு தொடங்காதீர்கள் என்பேன். கேட்பவருக்கு அந்தச் சொல் ஒன்று புரியாது, அல்லது தவறாகப் புரியும். தேவையிலிருந்து தொடங்குங்கள். “கூட்டத்தில் பேசப்போவதை முதல் நாளே அனுப்பினால் நான் தயாராக வர முடியும்.” “வாய்மொழியாகச் சொல்லும் வேலைகளைக் குறுஞ்செய்தியாகவும் அனுப்புங்கள், எதுவும் விட்டுப்போகாது.” “அறிக்கையைப் பேசிப் பதிவுசெய்து எழுத்தாக்கித் தருகிறேன்.” இவற்றில் எதற்கும் மருத்துவச் சான்று வேண்டாம், நல்ல மேலாளர் காரணம்கூடக் கேட்கமாட்டார். இவை மறுக்கப்பட்டால், அல்லது வேலைக்கே ஆபத்து வந்தால், அப்போது பெயரும் சான்றும் பாதுகாப்பு. 2006இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, நியாயமான ஏற்பாடுகளைச் செய்ய மறுப்பதையே பாகுபாடு என்று வரையறுக்கிறது. கற்றல் குறைபாடு அந்தப் பட்டியலில் எப்படி வருகிறது என்பது நாட்டுக்கு நாடு மாறும். பெயரைச் சொல்வதற்கு முன் நீங்கள் வாழும் நாட்டின் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லா மேலாளர்களும் நல்லவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். சொன்னபின் சீண்டப்பட்டவர்களும் உண்டு. எவரிடம் முதலில் சொல்வது என்பதில் அவசரம் வேண்டாம். பெரும்பாலும் அது உங்கள் கைவேலையை மதிக்கும் ஒருவராக இருப்பது நல்லது.

வீட்டில் சொல்வது இதைவிடக் கடினம் என்று பலர் சொல்கிறார்கள். திருமணமாகிப் பத்து ஆண்டு கழித்து, “கடிதங்களை எல்லாம் உன்னைப் படிக்கச் சொன்னது அலட்சியத்தால் அல்ல” என்று ஒருவர் தன் மனைவியிடம் சொன்னார். “தெரியும்” என்றாராம் அவர். இத்தனை காலமும் இருவரும் ஒருவருக்காக ஒருவர் நடித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

ஆறுதல் சொல்ல வருபவர்கள் ஐன்ஸ்டைன், லியோனார்டோ டா வின்சி என்று ஒரு பட்டியலை நீட்டுவார்கள். இறந்துபோனவர்களைச் சோதிக்க முடியாது. அவர்களுக்கு இது இருந்தது என்பதற்கு நம்பத்தக்க ஆதாரமும் இல்லை. ‘இது குறை அல்ல, அபூர்வ வரம்’ என்ற பேச்சும் எனக்கு உவப்பில்லை. வரம் பெற்றவர் சரளமாகப் பேருந்து அட்டவணையைப் படிக்க முடியாமல் நிற்கும்போது அந்தப் பேச்சு கொடுமையாகிவிடுகிறது. தாமாகவே சொன்னவர்கள் வேண்டுமென்றால் 2009இல் மருத்துவ நோபல் பெற்ற கரோல் கிரைடர் இருக்கிறார். பள்ளியில் தன்னை முட்டாள் என்று நினைத்துக்கொண்டிருந்தவர். சொற்களை ஒலித்துப் படிக்க முடியாததால் மனப்பாடம் செய்தே காலம் தள்ளியவர். நுழைவுத் தேர்வு மதிப்பெண் குறைந்ததால் பல பல்கலைக்கழகங்கள் அவரைத் திருப்பி அனுப்பின. 2017இல் வேதியியல் நோபல் பெற்ற ஜாக் டுபோஷே தன் வாழ்க்கைக் குறிப்பிலேயே டிஸ்லெக்சியாவை வேடிக்கையாக எழுதி வைத்திருக்கிறார். இவர்கள் சாதித்தது குறைபாட்டினால் என்று நான் சொல்லவில்லை. அதை வைத்துக்கொண்டு, ஒரு கட்டத்தில் மறைக்காமலும் இருந்தார்கள் என்கிறேன்.

மகளிடம் வருவோம். அவளுக்கு உங்களைப் பற்றிச் சொல்லுங்கள். “எனக்கும் இப்படித்தான்” என்று சொல்லக்கூடிய ஒரு பெரியவர் வீட்டில் இருப்பது எந்தச் சிறப்பு ஆசிரியரும் தர முடியாத ஒன்று. அவளுக்கு இரவில் கதை படித்துக்காட்டத் தயங்கி, அந்த வேலையை இதுவரை மற்றவரிடம் தள்ளியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். ஒலிநூலை ஓடவிட்டு, அதே புத்தகத்தை இருவர் மடியிலும் விரித்து வைத்துக்கொண்டு, விரலால் வரியைத் தொடர்ந்து போங்கள். விரல் பின்தங்கினால் நிறுத்திவிட்டு மீண்டும் போடலாம். அவளுடைய பயிற்சி ஆசிரியரிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள், அவள் வகுப்பில் நீங்களும் உட்காரலாமா என்று. பெற்றோர் கூட இருந்து கற்றுக்கொண்டால் வீட்டில் பயிற்சி கொடுக்க வசதி என்று பெரும்பாலான ஆசிரியர்கள் சம்மதிப்பார்கள். உங்களுக்கும் அது செலவில்லாத முதல் பாடம்.

மேற்பார்வையாளர் பதவிக்கு வேறு யாரையும் அமர்த்திவிட்டார்களா என்று நீங்கள் எழுதவில்லை. இன்னும் காலியாக இருந்தால், போய் முடிவைச் சொல்லும்முன் பழைய மாத அறிக்கை ஒன்றின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அதைக் கைப்பேசியைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். இத்தனை நாள் அஞ்சிய அறிக்கை எத்தனை வரி என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.